போனவளின் படங்கள்

"என்னத்தை அழிச்சான்னு உன் பெண்டாட்டியையே கேளு."

அக்கா உட்காரக்கூட இல்லை. கையிலிருந்த சின்ன டிஸ்க்கைத் தம்பியின் முன்னால் வைத்தாள்.

அவனுடைய முதல் மனைவி இப்போது இருப்பது அதில்தான். கல்யாணத்திலிருந்து ஆஸ்பத்திரிவரை எடுத்த படம் அத்தனையும். வேறு பிரதி கிடையாது. அவள் போனபோது பெண்ணுக்கு ஒரு வயது. பார்த்தால் தம்பி உடைந்துபோகிறான் என்று அக்காதான் பூட்டி வைத்துக் காத்தாள்.

போன வாரம் இரண்டாமவள் வந்து இரவல் கேட்டாள். திரும்பி வந்த டிஸ்க், அக்காவின் கம்ப்யூட்டரில் திறக்க மறுக்கிறது.

"வெர்ஷன் ஒத்துவரலையாம். இத்தனை வருஷம் திறந்த ஆல்பம் திடீர்னு சம்பந்தி மாதிரி முறைச்சுக்கிட்டா என்ன அர்த்தம்?"

"இந்த லேப்டாப் புதுசுக்கா. இதுல திறந்ததும் ஆல்பம் புது வெர்ஷனுக்கு மாறியிருக்கும். அப்புறம் பழசுல திறக்காது."

"அப்படி மாறும்னு எனக்குத் தெரியாது அண்ணி," என்றாள் இரண்டாமவள், சமையலறை வாசலில் நின்றபடி. "புதுசுல ஒரு வசதி இருக்கு. அதுக்காகத்தான்..."

"என்ன வசதி? மூத்தவளை மொத்தமாத் துடைக்கிற வசதியா?"

தம்பி டிஸ்க்கை லேப்டாப்பில் செருகினான். கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு ஆல்பம் திறந்தது.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளினாள். மணக்கோலம். மசக்கையில் வாடிய முகம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் குழந்தையை அணைத்த சிரிப்பு. ஒன்றும் போகவில்லை.

அக்காவுக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. இன்னும் தள்ளினாள். குழந்தையின் முதல் பள்ளிக்கூட நாள், போன வருஷத்துக் கடற்கரை... பக்கத்தில் இரண்டாமவள்.

"ஓஹோ. இடம் கிடைச்சதுன்னு நீயும் இதுக்குள்ளே குடிவந்தாச்சா?"

"குழந்தை வளர்ந்த படமும் ஒரே இடத்துல இருக்கட்டும்னு சேர்த்தேன்."

பெண் ஓடிவந்து அப்பா மடியில் ஏறியது. "அத்தை, நான் காட்டறேன்."

ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடி 'அம்மா' என்று தட்டியது.

திரை முழுக்கப் போனவள். கூட்டத்தில் பாதி மறைந்து நின்றவள், முதுகு காட்டித் திரும்பியவள்கூடத் தப்பவில்லை.

தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டான். "முகத்துக்குப் பேர் வெச்சா அந்த ஆள் இருக்கிற படமெல்லாம் வரும்க்கா. இந்த மாதிரி மறைஞ்சதையெல்லாம் அதுவாக் கண்டுபிடிக்காது. யாரோ உட்கார்ந்து ஒவ்வொண்ணா சொல்லிக் கொடுத்திருக்காங்க."

அக்கா கீழே வரைக்கும் தள்ளிப் பார்த்தாள். கடைசியில் இரண்டாமவளிடம் திரும்பினாள். குரலில் காரம் இல்லை.

"உன்னையும் இவ அம்மான்னுதானே கூப்பிடறா? இதுல உன் முகம் ஒண்ணுகூட வரலையே?"

"பெத்தவளைத் தேடும்போது குறுக்கே நான் வந்து நிக்கலாமாண்ணி? என் முகத்துக்கு 'சித்தி'ன்னு பேர் வெச்சுட்டேன்."