அறைக்கு நாலு பேர்

“ஒரே அறையில அஞ்சு பேர் உக்காந்து மருந்து அடைக்கிறாக. நாலு பேருக்கு மேல இருக்கக் கூடாதுன்னு தெரியும்ல? கம்பெனிக்கு சீல் வைக்கப் போறேன்” என்றார் பட்டாசு ஆலைகளைச் சோதிக்கும் அதிகாரி நாகையா.

எதிரே நின்ற ஜெயசுந்தர் பட்டாசு முதலாளி இல்லை. பள்ளிக்கூடத்து இயற்பியல் வாத்தியார், பொம்மை ரயில் சங்கத்துக்குச் செயலாளர். நாகையா சுட்டிக்காட்டிய கம்பெனி, கல்யாண மண்டபத்து மேசைமேல் ஓடும் விருதுநகர் - சிவகாசி குட்டித் தண்டவாளத்தின் ஓரமாக, அட்டையில் செய்து வைத்த ரெண்டு சாண் கட்டடம்.

“அய்யா, அது பொம்மைங்க.”

“பொம்மையா இருந்தாலும் அஞ்சு அஞ்சுதான்.”

பொம்மைகளைச் செய்தவர் சங்கத்து உறுப்பினர், நர்ஸ் ஹெப்சிபா. “நாலு பேரா வச்சா அறை வெறிச்சுன்னு இருந்துச்சு சார், அதான் இன்னொருத்தியச் சேத்தேன்” என்று ஜெயசுந்தரின் காதில் முணுமுணுத்தார். முதலாளிமார் சொல்லும் காரணங்களைவிட இது ஒன்றும் மட்டமில்லை.

வேடிக்கை பார்க்க வந்த கூட்டமும் கைகொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை லீவுக்குத் தாயில்பட்டியிலிருந்து வந்திருந்த ராக்காயி, பதினஞ்சு வருஷம் மருந்து அடைத்தவள், கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

“அய்யா சொல்றது சரிதான். அங்கன ஒருத்திய வாசலை மறிச்சுல்ல உக்கார வச்சிருக்கீக. ஒண்ணுன்னா மத்தவுக எப்படி ஓடுவாக?”

எல்லோரும் தலையாட்டினார்கள். ரயில் கூவிக்கொண்டு மூன்று சுற்று வந்தது. அதை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜெயசுந்தரின் ரெண்டு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளை விழுங்கிய வேலை இது. சங்கம் முதன்முதலாக ஊர்ப் பார்வைக்கு வைத்திருக்கிறது, நாளைக்கு இருநூறு பிள்ளைகள் வருகிறார்கள். பொம்மைக்கே சீல் வைக்கிற மனுஷன் மண்டபத்தையும் சேர்த்துப் பூட்டிவிட்டுப் போக எவ்வளவு நேரமாகும்?

“அந்த ஒரு பொம்மைய எடுத்துர்றோம்யா. கண்காட்சிய மட்டும் மூடிராதீக.”

நாகையா குரலைத் தாழ்த்தினார். “உங்களுக்கு மேலிடத்துல யாரையாச்சும் தெரியுமா?”

“யாரையும் தெரியாதுங்கய்யா.”

“கட்சியில? சென்னையில? சொந்தக்காரவுக யாராச்சும்?”

“எங்க ஹெட்மாஸ்டருக்கே என்னையச் சரியாத் தெரியாதுங்கய்யா.”

நாகையாவின் முகம் மலர்ந்தது. கேட்க நாதியில்லாதவன் என்று தெரிந்ததும் துணிந்துவிட்டார் என ஜெயசுந்தருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாகையா செருப்பைக் கழற்றிவிட்டு மேசையருகே வந்தார். அஞ்சு பொம்மைகளையும் ஒவ்வொன்றாக ரெண்டு விரலால் தூக்கி, கம்பெனிக்கு வெளியே இருந்த குட்டி வேப்பமரத்தடியில் உட்காரவைத்தார். வாசலை மறித்தவளைத்தான் முதலில் எடுத்தார்.

பிறகு, எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு போகும் பையைத் திறந்தார். துணி, நூல், அரக்கு, பித்தளை முத்திரை எல்லாம் வெளியே வந்தன. பட்டாசு கம்பெனிப் பக்கத்தில் நெருப்பு ஆகாது என்று மண்டபத்துக்கு வெளியே போய் அரக்கை உருக்கி, கரண்டியில் ஏந்திக்கொண்டு ஓடிவந்தார். வைத்த சீல் கதவையும் ரெண்டு ஜன்னலையும் சேர்த்து மூடியது.

“மண்டபத்தையும் பூட்டுவீகளா அய்யா?” என்றார் ஜெயசுந்தர் ஈனசுரத்தில்.

“அதை எதுக்குப் பூட்டணும்? நீங்க பாட்டுக்கு ரயிலை ஓட்டுங்க. என்னையும் அந்த சீலையும் சேத்து ஒரு போட்டோ மட்டும் எடுத்துக் குடுங்க.”

போன உயிர் திரும்பி வந்தது ஜெயசுந்தருக்கு. அவர் போட்டோ எடுக்க, நாகையா தலையைச் சீவிக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றார். கண்கள் கலங்கியிருந்தன.

“கேஸ் ஃபைலுக்குத்தானேங்கய்யா?”

“இல்ல, வீட்டுல மாட்ட. இருபத்திரெண்டு வருஷ சர்வீஸ்ல, ‘விட்டுரு’ன்னு ஒரு போன் வராம நான் சீல் வச்ச மொத கம்பெனி இதுதான்.”