நாரை மார்க் மடக்குக்கத்தி

இரும்புக்கடை மேஜையில் எலக்ட்ரீஷியன் வைத்த நாரை மார்க் மடக்குக்கத்தி, வாங்கிய நான்கே நாளில் ஆடும் பல்லாய் லொடலொடக்கிறது. ஒயர் தோலை உரிக்கும்போது அது தானாக மடங்கி வெட்டிய கட்டைவிரலில் கறுப்பு டேப்பைச் சுற்றியிருக்கிறார். "இருபது வருஷமா இந்த மார்க்கத்தான் நம்புறேண்ணே. முன்னெல்லாம் விரிச்சாலும் மடக்குனாலும் டக்குன்னு நிக்கும். இப்ப தகர டப்பா மூடியே தேவல, சீ!" கடைக்காரர் கத்தியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கம்பெனி அனுப்புறத விக்கிறேன், நானா செய்றேன்? புதுச் சரக்கு வந்திருக்கு, வேற எடுத்துக்குங்க தம்பி" என்றபடியே ஒரு பெட்டியை இழுத்து, டிராயரில் கிடந்த தன் கத்தியால் மேலே ஒட்டிய டேப்பை ஒரே இழுப்பில் அறுக்கிறார். உள்ளே பளபளவென்று ஐம்பது நாரைகள். எலக்ட்ரீஷியனின் கண்ணோ கடைக்காரர் கையிலேயே நிற்கிறது. அதிலும் நாரைதான், விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்து கால் மட்டும் மிஞ்சிய பழைய நாரை. "அண்ணே, எனக்கு அந்தக் கத்தியக் குடுங்க." "இதுவா? இது என் கைக்குன்னு வச்சிருக்கறது தம்பி." கடைக்காரர் அதை மடக்குகிறார். டக்கென்ற சத்தம் கடை முழுக்கக் கேட்கிறது. சோற்றில் மயிர் கிடந்த தட்டைத் தள்ளுவதுபோல, எலக்ட்ரீஷியன் டேப் சுற்றிய விரலால் பெட்டியைத் தள்ளிவிடுகிறார்.