படாத அடி

பள்ளத்தூரில் ஒரு பெரிய வீட்டில் சினிமா படப்பிடிப்பு. தெருவே திரண்டு வேடிக்கை பார்த்தது. காட்சிப்படி, கணவன் மனைவியை ஓங்கி அறைந்தான்.

கூட்டத்திலிருந்த காளிராஜ் பாய்ந்துபோய் நடிகரின் சட்டையைப் பிடித்தான்.

"பொம்பள மேல கை நீட்டுறியே, நீயெல்லாம் ஒரு ஆம்பளயா?"

தெரு கைதட்டியது. நடிகை பதறி ஓடிவந்தாள்.

"அண்ணே, விடுங்க! அவர் கை என்மேல படவே இல்ல. அடி விழுற சத்தத்தைக்கூட அப்புறமாத்தான் சேர்ப்பாங்க."

காளிராஜின் மனைவி சத்தியப்பிரியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். கன்னத்தை மூடியிருந்த முந்தானையை விலக்கினாள். ஐந்து விரல்களும் பதிந்து கன்னம் கன்றிப்போயிருந்தது.

கைதட்டியவர்களைப் பார்த்துக் கத்தினாள்.

"எங்க வீட்டுல அடியும் விழுகுது, சத்தமும் தெருவுக்கே கேக்குது. அப்பெல்லாம் எங்க போனீக, இம்புட்டுப் பேரும்?"