மங்கம்மாவின் மகள்

கன்னியர் மடத்திலும் பிறகு மூன்று வீடுகளிலும் வளர்ந்த பிலோமினா, இருபத்திரண்டு வயதில் தன்னைப் பெற்றவளைத் தேடி மரக்காணம் உப்பளத்துக்கு வந்தாள்.

"மங்கம்மா நீங்கதானே? ஐம்பத்திமூணுல மடத்துல ஒரு கைக்குழந்தையை விட்டீங்களா?"

உப்பு வாரிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஆமாம்மா. புருசன் செத்துட்டான், கஞ்சிக்கு வழியில்ல, விட்டுட்டேன். போன வருசம் அதுவே என்னைத் தேடிக்கிட்டு வந்துடுச்சே! ஏ ரெஜினா, இங்க வா!"

வந்தவள் மடத்தில் பிலோமினாவுக்குப் பக்கத்துப் பாயில் படுத்தவள். தாயின் பெயர் எழுதிய சீட்டைப் பிலோமினா அவளிடம் மட்டும்தான் காட்டியிருந்தாள். ரெஜினாவின் சீட்டில் அந்த இடம் காலி.

ரெஜினா வெளிறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நீ யாரும்மா?" என்றாள் மங்கம்மா.

பிலோமினாவுக்கு அழுகைகூட வரவில்லை.

"இவகூட மடத்துல வளர்ந்தேங்க. நல்லாருக்காளான்னு பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்."