ஓரத்துக்கு வந்த வரி

மொட்டைமாடிச் செடிகளுக்குத் தண்ணீர் விட பைத்தான் என்ற கணினி மொழியில் ஒரு நிரல் உருவாகிக்கொண்டிருந்தது. "ஒவ்வொரு தொட்டிக்கும்" என்றது முதல் வரி. அதன் கீழே வந்த "குழாயைத் திற", "குழாயை மூடு" இரண்டையும் எடிட்டர் தானாகவே உள்ளே தள்ளி நிறுத்தியது; உள்ளே நிற்கும் வரிகள் ஒவ்வொரு தொட்டிக்கும் நடக்கும், ஓரத்தில் நிற்பவை எல்லாத் தொட்டியும் முடிந்த பின்தான். அடுத்து "மோட்டாரை நிறுத்து" வந்தது. அதையும் அங்கேயே நிறுத்தியது.

"அண்ணே, நான் ஓரத்துல நிக்கணும்," என்றது புது வரி. "இங்க நின்னா முதல் தொட்டி முடிஞ்சதுமே மோட்டாரை நிறுத்திடுவேன். மத்த செடியெல்லாம் காஞ்சுபோகும்."

"மேல இருக்கறவன் எங்க நிக்கிறானோ அங்கதான் நீயும். என்ன எழுதியிருக்குன்னு படிக்கிறது என் வேலை இல்லை," என்றது எடிட்டர்.

அப்போது பேக்ஸ்பேஸ் வந்தது. எழுத்துகளை விழுங்குவதில் பெயரெடுத்தது அது. வரி கண்ணை இறுக மூடிக்கொண்டது.

ஒரே தட்டு. கண்ணைத் திறந்தால் ஓர் எழுத்தும் குறையவில்லை. முன்னால் இருந்த காலி இடத்தை மட்டும் காணோம். வரி ஓரத்தில் நின்றது.

"என்னை அழிக்க வந்தீங்கன்னு நினைச்சேன்," என்றது வரி, மூச்சு விட்டபடி.

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க," என்றது பேக்ஸ்பேஸ்.

மாடியில் கடைசித் தொட்டிக் கறிவேப்பிலையும் நனைந்த பிறகுதான் மோட்டார் நின்றது.