பல்லி சொன்ன சம்மதம்

சாலவாக்கத்துக் குன்றில் மத்தியான வெயில் பாறையை வறுத்துக்கொண்டிருக்கிறது. ஜல்லி உடைக்கும் ஜெயமணி, வெடிக்காகத் துளை போட்டிருக்கும் பாறையின் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்க்கிறாள். உள்ளே விரல் நீளத்தில் ஒரு பல்லி. மஞ்சளை இழைத்துப் பூசினாற்போல் கழுத்து, நீலம் ஓடிய வால். இந்தக் குன்றைத் தவிர வேறெங்கும் அவள் இதைப் பார்த்ததில்லை. பக்கத்தில் இரண்டு முட்டைகள் கல்லோடு கல்லாக ஒட்டியிருக்கின்றன. நகத்தால் நெம்பினால் ஓடு நொறுங்கிவிடும் என்று கையை இழுத்துக்கொள்கிறாள். "மேஸ்திரி, உள்ள முட்ட வெச்சிக்கினு கீது. குஞ்சு பொரிக்கிற வரிக்கும் அந்தாண்ட பாறைய ஒடைக்கலாமே?" மேஸ்திரி பஞ்சாட்சரம் துண்டை உதறுகிறார். "இன்னாம்மே, கல்லு ஒடைக்க வந்தியா, பல்லிக்குப் பிரசவம் பாக்க வந்தியா?" எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரிப்பு அடங்கும்போது இடுக்கிலிருந்து பல்லி கத்துகிறது. மேஸ்திரியின் முகம் மலர்கிறது. விரல் முட்டியால் பாறையைத் தட்டி, கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். "நல்ல சகுனம். பல்லியே சொல்லிடுச்சி, திரியக் கொளுத்து." ஜெயமணி கையைத் தட்டுகிறாள், மண்ணை வாரி இடுக்கில் வீசுகிறாள். பல்லி வெளியே பாய்ந்து, வெயிலில் ஒரு கணம் பொன்னாக நின்று, திரும்பி முட்டைகளிடமே ஓடிவிடுகிறது. திரி புகைகிறது. "ஓடியாடி!" என்று புளியமரத்தடியிலிருந்து கத்துகிறார்கள். அவள் ஓடிவருகிறாள். மரத்தடியில் எல்லாரும் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். அது மறுபடியும் குரல் கொடுக்கிறதா என்று அவள் மட்டும் கேட்டுக்கொண்டு நிற்கிறாள்.