ஆத்தா இன்னும் வரல

"அந்த மேளத்த நிறுத்தச் சொல்லுய்யா!"

முன்வரிசையிலிருந்து முனிரத்தினம் போட்ட சத்தத்தில் ஜெயவேலு திரையோரமாக ஓடி வந்தார்.

ஜெயவேலு சர்க்கஸ் முதலாளி. முனிரத்தினம், கூடாரம் போட்டிருக்கும் தாம்பரம் மைதானத்துக்குச் சொந்தக்காரர். இன்னும் இரண்டு வாரம் இடத்தைத் தரலாமா வேண்டாமா என்று முடிவு செய்யத்தான் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டி.வி.யில் படம் போட ஆரம்பித்ததிலிருந்து சர்க்கஸுக்கு ஆள் வருவதே பெரும்பாடு. கரடி சைக்கிள் ஓட்டுவதை எத்தனை தடவைதான் பார்ப்பார்கள்? அதனால் ஜெயவேலு புதுசாக ஒன்று செய்தார். வண்டலூர்ப் பக்கத்து இருளர் குடியிருப்பிலிருந்து கிளியம்மாள் குழுவை அழைத்து வந்து, அவர்கள் ஆட்டத்தையும் கதையையும் தன் வித்தைகளோடு சேர்த்துவிட்டார்.

"ஃபேமிலி வர்ற எடத்துல காட்டு ஆட்டமா?" என்று முனிரத்தினம் அப்போதே முகம் சுளித்தார்.

"இன்னிக்கு ஒரு ஷோ பாருங்க சார். ஜனங்களுக்குப் புடிக்கலன்னா அனுப்பிடறேன்."

கிளியம்மாளிடமும் அதையே சொல்லியிருந்தார். பிடித்தால் வருஷம் முழுக்க வேலை. இல்லாவிட்டால் எல்லோரும் மறுபடி செங்கல் சூளைக்குப் போக வேண்டியதுதான்.

கதை இதுதான். தேன் எடுக்க மலை ஏறிய பெண்ணைத் தேனீ கொட்டிவிடுகிறது. கண் இரண்டும் வீங்கி மூடிவிட, இறங்க வழி தெரியாமல் உச்சியில் நிற்கிறாள். 'குதி, நான் பிடிச்சுக்கறேன்' என்று இருளர்களின் தெய்வமான கன்னியம்மா ஆத்தா கீழேயிருந்து கூப்பிடுகிறாள்.

இருளர்கள் பாடி ஆட, கூடாரத்தின் உச்சியில் சர்க்கஸ் பெண் யூனிஸ் கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்பாள். மேளம் சட்டென்று நிற்கும். அதுதான் அவளுக்கு அடையாளம். உடனே குதிப்பாள். கீழே வலை தாங்கிக்கொள்ளும்.

ஆனால் மேளம் நின்றால்தானே!

"ஆத்தா இன்னும் வரல கண்ணு... அங்கியே நில்லு கண்ணு..."

கிளியம்மாள் பாடியதையே பாடிக்கொண்டு சுற்றிச் சுற்றி ஆடினாள்.

"எதுலம்மா வராங்க ஒங்க ஆத்தா? பொழிச்சலூர் பஸ்லயா?" என்று கேலரியில் ஒருவன் கேட்டான். கூடாரமே சிரித்தது.

சிரிப்பு விசிலானது. விசில் வசவானது. குழந்தைகள் சிணுங்க ஆரம்பித்தன.

"எழுந்து வாங்க. வூட்டுக்குப் போனா பாதி படமாச்சும் பாக்கலாம்" என்று ஒரு அம்மாள் புருஷனை இழுத்தாள்.

ஜெயவேலு திரைக்குப் பக்கத்தில் நின்று கையை ஆட்டினார். "போதும்! நிறுத்து!"

கிளியம்மாள் பார்த்தாள். முடியாது என்று தலையை ஆட்டிவிட்டு, மேளக்காரர்களை இன்னும் வேகமாக அடிக்கச் சொன்னாள். ஆடியவர்களில் ஒருத்தி முடியாமல் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். எங்கிருந்தோ ஒரு செருப்பு பறந்து வந்து கிளியம்மாளின் தோளில் விழுந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஆத்தா வந்துகினு கீறா கண்ணு... கொஞ்சம் பொறு கண்ணு..."

திடீரென்று மேளம் நின்றது.

யூனிஸ் குதித்தாள். வலை அவளை வாங்கி ஒரு தூக்கு தூக்கி இறக்கியது. கை தட்டியவர்களை எண்ணிவிடலாம்.

திரைக்குப் பின்னால் முனிரத்தினம் வந்து குதித்தார். "மானம் போச்சுய்யா! இவங்கள வெச்சிருந்தா என் கிரவுண்ட மறந்துடு!"

ஜெயவேலு கிளியம்மாள் மேல் பாய்ந்தார். "கை காட்டினேனா இல்லியா? இன்னா திமிரு? மூட்டய கட்டு, கெளம்பு!"

 அவளுக்கு இன்னும் மூச்சு இரைத்தது.

அப்போது வலை கட்டும் துரை ஓடி வந்தான். கயிறு அறுத்து உள்ளங்கை இரண்டும் ரத்தமாக இருந்தது.

"அந்தம்மாவ திட்டாத சார்! வலையில ஒரு மூலக் கயிறு அவுந்துபோச்சு. அவங்கதான் பாத்துட்டு எனக்குக் கண்ண காட்டினாங்க. நான் இழுத்துக் கட்டி முடிக்கங்காட்டியும் மேளம் நின்னிருந்தா, யூனிஸ் தரையில வுழுந்திருக்கும்."

ஜெயவேலு கிளியம்மாள் பக்கம் திரும்பினார். "எங்கிட்ட ஒரு வார்த்த கத்தி சொல்லியிருக்கலாமேம்மா!"

"கத்தினா ஜனம் அலறியிருக்கும் சார். இன்னாவோ ஏதோன்னு மேளக்காரங்க கைய நிறுத்திட்டா? பொண்ணு குதிச்சிடும்."

ஜெயவேலு இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். கண் கலங்கிவிட்டது.

முனிரத்தினம் மட்டும் அடங்கவில்லை. "கட்டின கயிறு தானா அவுருமா? எவனோ அவுத்திருக்கான். ஒரு உசுரு போயிருக்குமே! அவன போலீஸ்ல புடிச்சுக் குடுக்காம நான் வுடமாட்டேன்."

"வுட்டுடுங்க சார்" என்றாள் கிளியம்மாள் அவசரமாக. "தெரியாம பண்ணதுதானே?"

"நீ சும்மா இரு. டேய் துரை, யாருன்னு சொல்லுடா!"

துரை கிளியம்மாளைப் பார்த்தான். அவள் வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

"நீங்கதான் சார். ஆட்டத்துக்கு நடுவுல, ஒங்க வூட்டம்மா கால் நீட்ட எடஞ்சலா கீதுன்னு அந்தக் கயித்த அவுத்து வுட்டீங்க. அத பாத்துட்டுதான் இவங்க மேளத்த நிறுத்தவே இல்ல."